உரக்கடை கீழே, குடியிருப்பு மேலே, பின்கட்டில் டீசல்

மன்னார்குடிப் பக்கம் தரைத்தளத்தில் உரக்கடை, அதன் பின்சுவரை ஒட்டித் தகரக் கொட்டகையில் கிடங்கு, மாடியில் அப்பா அம்மாவும் பிள்ளைகளும் என்று எழுதியிருக்கிறீர்கள். கிடங்கில் 300 மூட்டை யூரியா, டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்), பொட்டாஷ். இரண்டு அலமாரி பூச்சிமருந்து. சொந்த அறுவடை மெஷினுக்காக 4 பேரல் டீசல், விசைத்தெளிப்பானுக்கு ஒரு கேன் பெட்ரோல். கொட்டகைக்கு வெளியே வைக்கோல் கட்டுகள். தீயணைப்புத் துறையிடம் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்காமல் இருப்பது குற்றமா என்பது உங்கள் கேள்வி. ஆனால் கடைசி வரியில், "மாடிப்படி கடைக்குள்தான் இறங்குகிறது, அதனால் ஏதும் பிரச்சினை வருமா" என்று போகிறபோக்கில் கேட்டிருக்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்வி அதுதான். காகித விஷயத்தை முதலில் முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

டீசலுக்குச் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டம் எரிபொருள்களை அவை தீப்பற்றும் வெப்பநிலையை வைத்து வகை பிரிக்கிறது. 23 டிகிரிக்குக் கீழே ஆவி பற்றிக்கொள்வது ஏ வகுப்பு. பெட்ரோல் அதில் வரும். 23 முதல் 65 டிகிரிக்குள் பி வகுப்பு. டீசலும் மண்ணெண்ணெயும் அதில் வரும். பி வகுப்பை ஓரிடத்தில் மொத்தம் 2,500 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம், எந்த ஒரு கலனும் 1,000 லிட்டரைத் தாண்டக் கூடாது. உங்கள் 4 பேரல் என்பது 800 லிட்டர், வரம்புக்கு உள்ளேதான். பெட்ரோல் விற்பனைக்கு இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு என்றால் 30 லிட்டர் வரை. அதுவும் இறுக மூடிய கலனில் இருக்க வேண்டும்: உலோகமென்றால் ஒரு கலனுக்கு 25 லிட்டருக்கு மேல் கூடாது, கண்ணாடியோ பீங்கானோ என்றால் ஒரு லிட்டர்தான். வெள்ளை பிளாஸ்டிக் கேனும் பழைய எண்ணெய் கேனும் இந்தச் சலுகைக்குள் வராது.

இங்கே பலர் சறுக்குவது ஒன்று உண்டு. வைத்துக்கொள்ள உரிமம் தேவையில்லை என்பதால் விற்கலாம் என்று ஆகிவிடாது. பக்கத்து வயல்காரர் அவசரத்துக்குக் கேட்டார் என்று ஒரு கேன் டீசலைக் காசுக்கு ஊற்றிக் கொடுத்தால், அது வேறு சட்டத்தின் கீழ் வரும் குற்றம். பேரல் உங்கள் மெஷினுக்கு மட்டும் என்றால் அப்படியே இருக்கட்டும்.

பூச்சிமருந்துக்கு 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் இருக்கின்றன. மனிதரோ கால்நடையோ உண்ணும் பொருளை வைக்கும், விற்கும் கட்டடத்தில் பூச்சிமருந்தை வைக்கக் கூடாது. நம் பக்கத்து உரக்கடைகளில் பாதியில் புண்ணாக்கும் தவிடும் மாட்டுத்தீவனமும் அதே கூரையின் கீழ்தான் இருக்கும். ஆய்வுக்கு வருபவர் எழுதக்கூடிய முதல் குறை இது. மருந்தை தனி அறையிலோ, அளவு குறைவாக இருந்தால் பூட்டிய தனி அலமாரியிலோ வைக்க வேண்டும். அறை ஈரமில்லாமல், வெளிச்சமும் காற்றோட்டமுமாக இருக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. மேலே அடுப்படி இருப்பதை இந்த விதி பெயர் சொல்லித் தடுக்கவில்லை. அதனாலேயே அது சரி என்று நினைத்துவிட வேண்டாம்.

இனி என்ஓசி. தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் உயர்மாடிக் கட்டடம். உங்கள் கட்டடம் அந்தக் கணக்கில் வராது. ஆனால் கடை நடத்துவதற்கான தொழில் உரிமம் உள்ளாட்சியுடையது. அதற்குத் தீயணைப்புத் துறையின் சான்று வேண்டும் என்று கேட்பதும் கேட்காததும் நடைமுறையில் ஊருக்கு ஊர் மாறுகிறது. எனவே உங்கள் நகராட்சியிடமோ ஊராட்சியிடமோ எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கி வையுங்கள். வாய்ச்சொல்லை நம்பி உட்கார்ந்திருந்தால் காப்பீட்டுக்காரரிடம் அது எடுபடாது. காப்பீட்டு விண்ணப்பத்தில் "உரக்கடை" என்று மட்டும் எழுதி டீசலைச் சொல்லாமல் விட்டிருந்தால் அதையும் இப்போதே திருத்திவிடுங்கள். இழப்பீடு மறுக்கப்படுவதற்கு இது ஒன்றே போதும்.

மாடிப்படிக்கு வருவோம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு (2016) குடியிருப்பு, கடை, கிடங்கு, அபாயப் பொருள் என்று உபயோகங்களை வகை பிரித்து, ஒரே கட்டடத்தில் இரண்டு வகை கலந்தால் நடுவே தீ தாங்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்கிறது. இதன் பின்னால் இருக்கும் காரணம் எளிது. கீழே எரிந்தால் மேலே இருப்பவரை முதலில் எட்டுவது தீ அல்ல, புகை. படிக்கட்டு கடைக்குள் திறந்தால் அது புகைபோக்கி ஆகிவிடுகிறது. சூடான புகை மேலே ஏறி, சில நிமிடங்களில் மாடி அறைகளை நிரப்பும். அதே படிதான் இறங்கவும் ஒரே வழி. பூச்சிமருந்து எரியும் புகை சாதாரணப் புகையும் அல்ல. புரோபெனோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்துகள் எரிந்தால் நச்சு வாயுக்கள் வரும். இரவு 2 மணிக்குத் தூக்கத்தில் இருப்பவர் இருமி எழுந்துகொள்வார் என்று நம்ப முடியாது.

ஆகவே பணம் செலவழிக்க ஒரே ஒரு இடம்தான் உண்டு என்றால் அது இதுவாகட்டும்: கடைக்குள் இறங்கும் படியைச் செங்கல் சுவர் வைத்து அடைத்துவிட்டு, தெருப்பக்கமோ பக்கவாட்டிலோ வெளியிலிருந்து ஏறும் படி ஒன்று கட்டுங்கள். இரும்புப் படியானாலும் போதும், ஆனால் கொட்டகையின் பக்கம் வேண்டாம். 9 அங்குலச் செங்கல் சுவர் பூச்சோடு இருந்தால் 2 மணி நேரத்துக்குக் குறையாமல் தாங்கும். இப்போதைக்கு அது முடியாது என்றால், படியின் அடியில் முழுதாக மூடும், தானே சாத்திக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவு ஒன்றாவது வேண்டும். மரக்கதவும் கம்பிக் கதவும் இதற்கு உதவா. மாடி ஜன்னல்கள் எல்லாவற்றுக்கும் கிரில் போட்டு வெல்டு அடித்திருப்பீர்கள். தெருவைப் பார்த்த ஒரு ஜன்னலின் கிரில்லையாவது கீல் வைத்து, உள்ளிருந்து திறக்கிற மாதிரி மாற்றுங்கள். சாவியை அதன் அருகிலேயே, பிள்ளைகளுக்கும் தெரிகிற இடத்தில் மாட்டிவையுங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் இறந்த பள்ளித் தீவிபத்தை நம் பக்கத்தில் மறந்தவர் இல்லை. கூரையில் தீ பற்றியதைப் போலவே, இறங்கித் தப்ப வழி இல்லாமல் போனதும் அங்கே உயிர்களைக் கொண்டுபோனது.

கடைக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள தளத்தையும் அண்ணாந்து பாருங்கள். 5 அங்குல கான்கிரீட் தளம் நல்ல நிலையில் இருந்தால் 2 மணி நேரம் தாங்கும் என்பது கட்டுமானக் கணக்கு. அந்தக் கணக்கு கம்பியைக் கான்கிரீட் மூடியிருக்கும் வரைதான். உப்புநீரில் கலவை போட்ட பழைய கட்டடங்களில், கடற்கரையை நெருங்க நெருங்க, கம்பி துருப்பிடித்து ஊதி, காரை பாளம் பாளமாக விழுந்திருக்கும். கம்பி வெளியே தெரிந்தால் அந்தத் தளத்துக்கு 2 மணி நேரக் கணக்கெல்லாம் கிடையாது. ஒயர் இறங்கும் ஓட்டை, பைப் ஓட்டை எல்லாவற்றையும் சிமெண்ட் வைத்து அடையுங்கள். உங்கள் தளம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பார்க்காமல் சொல்ல முடியாது. ஒரு பொறியாளரை வைத்துத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

உர மூட்டைகளைப் பற்றி நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. யூரியா, டிஏபி, பொட்டாஷ் மூன்றும் தாமாக எரிவதில்லை. யூரியா 133 டிகிரியில் உருகும், மேலும் சூடேறினால் அம்மோனியா வாடை கிளப்பும். டிஏபியின் நெருங்கிய உறவான மோனோ அம்மோனியம் பாஸ்பேட்தான் ஏபிசி தீயணைப்பானுக்குள் இருக்கும் மஞ்சள் பொடியே. எரிவது சாக்கு. பிளாஸ்டிக் சாக்கு உருகிச் சொட்டும், சொட்டியது அடுத்த அட்டியை, அதாவது மூட்டை அடுக்கை, பற்றவைக்கும். அட்டி போடும்போது சுவரிலிருந்து 2 அடி, கூரையிலிருந்து 3 அடி விட்டு, அடியில் மரப்பலகை வைத்து, நடுவே ஆள் நடக்க வழி விடுங்கள். காலிச் சாக்குகளை மட்டும் கொட்டகைக்குள் குவிக்காதீர்கள். நிறைந்த மூட்டையைவிட அவைதான் சீக்கிரம் பற்றும்.

உரம் என்ற பெயரில் வந்தாலும் வேறு குணமுள்ளவை உண்டு. வாழைக்கும் சொட்டுநீருக்கும் வாங்கும் 13:0:45, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், கூடவே கால்சியம் நைட்ரேட். இவை எரிவதில்லை, ஆனால் எரிவதற்கு ஆக்சிஜன் கொடுக்கும். இவற்றின் பக்கத்தில் டீசல், மரத்தூள், காலிச் சாக்கு, பூஞ்சாணத்துக்குப் போடும் கந்தகப் பொடி எதுவும் கூடாது. பொட்டாசியம் நைட்ரேட்டும் கந்தகமும் கரியும் சேர்ந்தால் வெடிமருந்து, இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. பிளீச்சிங் பவுடர் விற்கிறீர்கள் என்றால் அது யூரியா அறைக்குள் இருக்கவே கூடாது. ஈரத்தில் இரண்டும் கலந்தால் நைட்ரஜன் டிரைகுளோரைடு என்ற வெடிக்கும் பொருள் உருவாகும். அமிலத்தோடு பிளீச்சிங் சேர்ந்தால் குளோரின் வாயு. கழிவறை ஆசிட் பாட்டிலும் பிளீச்சிங் பையும் ஒரே தட்டில் இருப்பதைச் சாதாரணமாகப் பார்க்கலாம்.

மருந்து அலமாரியில் லேபிளின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். ஈசி என்று முடிந்தால் அது கரைப்பானில் கலந்த மருந்து, பெரும்பாலும் சைலீன் வகை. சைலீன் 30 டிகிரிக்குள்ளேயே பற்றக்கூடிய ஆவி விடும். எஸ்சி என்றால் தண்ணீரில் கலந்தது, தீ பயம் குறைவு. டபிள்யூபி என்றால் பொடி. ஈசி பாட்டில்களைக் கீழ்த் தட்டில், விளிம்புள்ள தகரத் தட்டத்துக்குள் வையுங்கள். பொடிகள் மேல் தட்டில். தலைகீழாக வைத்தால் கசிந்த திரவம் பொடிப் பைகளை நனைத்து, எது எதோடு கலந்தது என்றே தெரியாமல் போகும். தகரக் கூரையை ஒட்டி அலமாரி வேண்டாம். மே மாத மதியத்தில் தகரத்தின் அடியில் இருக்கும் சூட்டுக்கு மூடி தளர்ந்து ஆவி கசியும்.

டீசல் பேரல்கள் இப்போது இருக்கும் இடம் தவறு. டீசல் பற்றத் தொடங்கும் வெப்பநிலை 35 டிகிரியை ஒட்டியே இருக்கலாம், கோடையில் உங்கள் கொட்டகை அதைச் சாதாரணமாகத் தாண்டும். சட்டப்படி 800 லிட்டர் சரி, வீட்டை ஒட்டி 800 லிட்டர் சரியில்லை. வீட்டிலிருந்து தள்ளி, இயன்றால் 6 மீட்டருக்குக் குறையாமல், பக்கம் திறந்த ஒரு சிறு கூரை போடுங்கள். தரைக்கு சிமெண்ட் பூசி, சுற்றிலும் ஒரு சாண் உயரத்துக்குத் தடுப்புக் கட்டுங்கள். பேரல் ஒன்று ஓட்டையானால் அதன் 200 லிட்டரும் கொஞ்சம் மழைநீரும் அதற்குள் நிற்க வேண்டும். பேரலைப் படுக்கவைத்துக் குழாய் மாட்டாமல், நிறுத்தி வைத்துக் கைப்பம்பில் எடுங்கள். பெட்ரோல் உலோகக் கேனில், டீசலிலிருந்தும் தள்ளி, பூட்டி இருக்கட்டும். எந்தக் காரணத்துக்கும் டீசலில் பெட்ரோல் கலக்காதீர்கள். சிறிது கலந்தாலே மொத்தமும் பெட்ரோலின் சுபாவத்துக்கு வந்துவிடும்.

தீ எங்கிருந்து தொடங்கும்? பெரும்பாலும் மின்சாரத்திலிருந்து, உரக்கடையில் அதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. பொட்டாஷ் தூசி ஒரு உப்பு. காற்றின் ஈரத்தை இழுக்கும், செம்பை அரிக்கும். பகலில் ஸ்விட்ச் போர்டில் படியும் தூசி இரவு ஈரமாகி, முனையிலிருந்து முனைக்கு மின்சாரம் கசிய வழி கொடுக்கும். போர்டு மூடியைக் கழற்றினால் செம்பு முனைகளில் பச்சை நீலமாகப் பூத்திருக்கும், பேக்கலைட்டில் மயிரிழை போலக் கருப்புக் கோடு ஓடியிருக்கும். அந்தக் கோடுதான் நாளைக்குத் தீப்பிடிக்கப் போகும் இடம். அதைத் துடைத்துவிட்டு மூட வேண்டாம், போர்டையே மாற்றுங்கள். கிடங்குக்கு உள்ளே ஸ்விட்சும் பிளக் பாயிண்டும் இல்லாமல் எல்லாவற்றையும் கதவுக்கு வெளியே கொண்டுவந்துவிடுங்கள். உள்ளே மூடிய எல்இடி விளக்கு மட்டும், அட்டிக்கு மேலே இல்லாமல் நடைவழிக்கு மேலே. கடைக்கென்று தனி எம்சிபி (மின்சுமை கூடினால் தானே அணையும் ஸ்விட்ச்), அதோடு ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் அணையும் ஸ்விட்ச்). இரவு ஷட்டர் இறக்கும்போது கிடங்கின் மின்சாரத்தை முழுதாக நிறுத்துங்கள். பேட்டரி ஸ்பிரேயரை இரவு முழுக்க சார்ஜில் போட்டுவிட்டுப் போவதும், கல்லாவுக்கு மேலே சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டுப் பூட்டிப் போவதும் இரண்டுமே நிற்க வேண்டும். படத்துக்கு மின்விளக்கு போதும். தீபாவளி சமயம் சம்பா உரம் நிறைந்திருக்கும். தகரத்துக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியை வலை வைத்து அடையுங்கள், ராக்கெட் நுழைவது அந்த வழியில்தான்.

டெல்டாவுக்கென்று இருக்கும் ஆபத்து தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் கிடங்குக்குள் கணுக்கால் அளவு நீர் வந்தாலே சில பொருள்கள் தீயாக மாறும். சுட்ட சுண்ணாம்பு நனைந்தால் கொதித்து, சாக்கைப் பற்றவைக்கும் அளவு சூடேறும். நெல் கிடங்கில் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை நனைந்தால் பாஸ்பீன் வாயு வரும். 3 கிராம் மாத்திரை ஒன்று 1 கிராம் பாஸ்பீன் விடும். அது கொடிய விஷம், செறிவு கூடினால் தானே தீப்பற்றும். இந்த மாத்திரை சில்லறை விற்பனைக்கு உரியது அல்ல, உங்கள் கடையில் இருந்தால் சப்ளையரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எலிக்கு வைக்கும் ஜிங்க் பாஸ்பைடையும் உயரத்தில், உலர்ந்த இடத்தில் வையுங்கள். இவை எரிந்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, உலர்ந்த மணலோ உலர் பொடியோதான்.

வைக்கோல் கட்டுகளைக் கொட்டகைச் சுவரிலிருந்து விலக்குங்கள், மேலே மின்கம்பி போகாத இடமாகப் பாருங்கள். மழையில் நனைந்த வைக்கோலை இறுக்கிக் கட்டினால் உள்ளுக்குள் புளித்துச் சூடேறும். ஒரு நீளமான இரும்புக் கம்பியை நடுவில் செருகி, கால் மணி நேரம் விட்டு உருவிப் பிடித்துப் பாருங்கள். கையில் வைத்திருக்க முடியாத சூடு இருந்தால், கருகிய இனிப்பு வாடையும் வந்தால், வைக்கோற்போரைப் பிரிக்கும் முன் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். நீங்களாகப் பிரித்தால் உள்ளே காற்றுப் புகுந்து சட்டென்று பற்றிக்கொள்ளும்.

தீயணைப்பான் 6 கிலோ ஏபிசி பொடி வகையில் இரண்டு, ஒன்று கடை வாசலில், ஒன்று கிடங்கு வாசலுக்கு வெளியே. உள்ளே மாட்டினால் தீயைத் தாண்டிப் போய்த்தான் எடுக்க முடியும். முத்திரை ஐஎஸ் 15683 (தீயணைப்பானுக்கான இந்தியத் தர எண்) என்று இருக்கிறதா பாருங்கள், அழுத்தமானி முள் பச்சையில் நிற்க வேண்டும். 6 கிலோ என்பது 15 விநாடியை ஒட்டித்தான் வரும். தீ ஒரு அட்டியைத் தாண்டிவிட்டால் அதை எடுக்காமல் ஆட்களை வெளியேற்றுவதே சரி. டீசலுக்கு அருகில் 4 வாளி உலர்ந்த மணல் வையுங்கள், மழை நனைக்காதபடி மூடி போட்டு. மருந்துக் கிடங்கில் தண்ணீரைப் பீய்ச்சினால் அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்பதையும் யோசிக்க வேண்டும். 1986-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கருகே சாண்டோஸ் கிடங்கு எரிந்தபோது, தீயணைத்த நீரோடு போன பூச்சிமருந்து ரைன் ஆற்றின் மீன்களை நெடுந்தூரத்துக்குக் கொன்றது. உங்கள் கொல்லையில் ஓடும் வாய்க்கால் அடுத்த ஊர்க் குளத்துக்குத்தான் போகிறது. வாய்க்காலுக்குப் போகும் வடிகாலை மண்மூட்டை போட்டு அடைக்க நாலைந்து மூட்டை தயாராக இருக்கட்டும்.

இவ்வளவும் செய்யும் முன்பே செய்யக்கூடியது ஒன்று: உங்கள் பகுதி தீயணைப்பு நிலைய அலுவலரை ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். மருந்தின் பெயர், அளவு, எந்த மூலையில் இருக்கிறது, டீசல் எங்கே, மாடியில் எத்தனை பேர் என்று ஒரு தாளில் எழுதி ஒரு பிரதியை அவரிடம் கொடுங்கள். இன்னொன்றைத் தெருப்பக்கத்து மின் மீட்டர் பெட்டியின் உட்பக்கம் ஒட்டிவையுங்கள், சரக்கு மாறும்போது தாளையும் மாற்றுங்கள். 101 அல்லது 112-க்கு அழைக்கும்போது "கடை எரியுது" என்று நிறுத்தாமல் "பூச்சிமருந்தும் டீசலும் இருக்கு" என்று சொல்ல வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். மூச்சுக்கருவியும் நுரையும் எடுத்துக்கொண்டு வண்டி கிளம்புவது அந்த ஒரு வரியைப் பொறுத்தது.